கன்று ஈனும் காலம்: மேல்மலையில் நாலு மாடு வைத்திருப்பவர்களுக்கு

மாடு வளர்ப்பதைப் பற்றித் தமிழில் வரும் கையேடுகளில் பெரும்பாலானவை கொட்டகைக்கு மின்விசிறி மாட்டச் சொல்கின்றன. கூரைமேல் தண்ணீர் தெளிக்கச் சொல்கின்றன. கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறைக்கு மேலே, மார்கழியில் புல்நுனி வெள்ளையாக உறைந்து கிடக்கும் ஊரில் உட்கார்ந்து படித்தால் சிரிப்புத்தான் வரும். பெரியகுளத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தபோது நானும் அப்படியொரு கையேட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். பதினேழு வருடம் ஆகிறது. ஒன்றரை ஏக்கரில் பூண்டும் கேரட்டும், நான்கு கறவை மாடுகள், வளர்ந்துவரும் கிடேரி ஒன்றிரண்டு. இதுதான் எங்கள் பண்ணை. முப்பதுக்கும் மேற்பட்ட ஈற்றுகளைப் பார்த்துவிட்டேன். மூன்று கன்றுகளை இழந்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுதான் மாட்டின் கோளாறால் போனது. மற்ற இரண்டும், வீட்டில் ஆளில்லாத ஓர் இரவிலும் இருந்த ஆள் அசந்து தூங்கிய ஓர் இரவிலும் போயின. அதனால் இதில் மாட்டுக்குச் சொல்லும் அளவுக்கு வீட்டுக்கும் சொல்லியிருக்கிறேன்.

முதலில் நாட்காட்டி

மாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஜெர்சிக் கலப்பு அதையொட்டியே ஈனும். நாட்டு மாடு ஒரு வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்ட அன்றே தேதியைக் குறித்துவிடுங்கள். 'ஆடி பிறந்து நாலைந்து நாளில் போட்டோம்' என்ற ஞாபகக் கணக்கு எட்டு மாதம் கழித்து யாருக்கும் உதவாது. பால்கணக்கு எழுதும் அதே நாட்காட்டியில் நாங்கள் மாட்டின் பெயரைச் சிவப்பு மையில் எழுதுகிறோம். மூன்றாம் மாதம் மருத்துவர் சினையை உறுதிசெய்தால் அதன் கீழ் ஒரு கோடு.

எந்த மாதத்தில் கன்று விழவேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை: மரம் விழுந்து சாலை அடைபடும், மின்சாரம் போகும், மருத்துவர் வர மனம் வைத்தாலும் வழி இருக்காது. மார்கழி, தையில் உறைபனி. பத்து டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால், பிறந்த கன்று குடிக்கும் பாலில் பெரும்பங்கு உடல் சூட்டைக் காப்பதற்கே செலவாகிவிடும். மேனி நனைந்திருந்தால் அதுவும் போதாது. ஜூலை முதல் வாரத்தில் ஊசி போட்டால் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கன்று. கோடைமழை விழுந்து கிக்குயு புல் தழைக்கும் நேரம் அது. கன்றுக்கு வெயிலும் கிடைக்கும்.

ஏப்ரலுக்கும் குறை உண்டு. பிள்ளைகளுக்குத் தேர்வு நடக்கும். மே பிறந்துவிட்டால் கொடைக்கானலில் சீசன். ஏரியிலிருந்து மூஞ்சிக்கல் வரை சுற்றுலா வண்டிகள் அசையாமல் நிற்கும், மருந்து வாங்கப் போனவர் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. என் கணக்கில் ஏப்ரல் பிறந்து முதல் மூன்று வாரம்தான் நல்ல நேரம்.

நான்கு மாடும் ஒரே வாரத்தில் ஈனும்படி வைத்துக்கொள்வது பேராசை. மாடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். இரண்டு மாடுகளை ஏப்ரலுக்கு வைத்து, நடுவே ஒரு பருவம் தள்ளிப் போட்டால் மூன்று வார இடைவெளி கிடைக்கும். நீங்கள் தூங்கப்போவது அந்த மூன்று வாரத்தில்தான். மற்ற இரண்டையும் ஆகஸ்டு, செப்டம்பருக்குத் தள்ளினால் ஆண்டு முழுவதும் பால் பணம் அறுபடாது.

தலையீற்றுக் கிடேரி 250 கிலோவாவது தேறிய பிறகே ஊசி போடுங்கள். அது பெரிய கலப்பினமாக இருந்தாலும் முதல் முறை ஜெர்சி விந்தே கேட்டு வாங்குங்கள். சின்ன உடம்புக் கன்று, சுலபமாக இறங்கும்.

கடைசி இரண்டு மாதம்

ஈனுவதற்கு அறுபது நாள் முன்பு கறவையை நிறுத்திப் பால் வற்ற விடவேண்டும். 'இன்னும் மூன்று லிட்டர் வருகிறதே' என்று இழுத்தடித்தால் அடுத்த ஈற்றில் மடி அதைக் கழித்துக்கொள்ளும். அடர்தீவனத்தைக் குறைத்து, ஒருவேளைக் கறவையாக்கி, பிறகு நிறுத்துங்கள். மடிநோய் வந்த மாடாக இருந்தால், கடைசிக் கறவைக்குப் பின் காம்பில் ஏற்றும் மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள். இந்த இரண்டு மாதமும் வீட்டில் காசு இறுகும். பள்ளிக் கட்டணமும் மளிகைக் கடன் பாக்கியும் இதே நாட்களில் வந்து சேரும் என்பதால், நாங்கள் கறவை உச்சத்தில் இருக்கும்போதே ஒரு டப்பாவில் வாரம் இருநூறு ரூபாய் போட்டுவைக்கிறோம்.

பால் வற்றியபின் ஒன்றரை முதல் இரண்டு கிலோ அடர்தீவனம் கொடுங்கள். சுண்ணாம்புச் சத்து டானிக்கை மட்டும் ஈனுவதற்கு முன்பே ஊற்றித் தள்ளாதீர்கள். வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடும். ஈன்ற அன்று பால் சுரக்கும்போது மாடு திடீரென்று விழுந்துவிடும். சினையாக இருக்கிறதே, பலம் வேண்டாமா என்று நினைப்பவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மலைக்கே உரிய மூன்று எச்சரிக்கைகள். பெரணியை அறுத்துப் படுக்கைக்குப் போடாதீர்கள். காய்ந்தாலும் அதன் நஞ்சு போகாது, தொடர்ந்து தின்ற மாடு இரத்தமாகச் சிறுநீர் கழிக்கும். முளைவிட்ட உருளைக்கிழங்கும் பச்சை நிறம் ஏறிய கிழங்கும் வேண்டாம். நல்ல கிழங்கையும் முழுதாகப் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், நறுக்கிப் போடுங்கள். மூன்றாவது, சரிவு. எங்கள் கொட்டகைகள் எல்லாம் சரிவில் கட்டியவை. மாட்டின் தலை மேட்டிலும் பின்பக்கம் பள்ளத்திலும் இருக்கக் கட்டினால் வயிற்றுப் பாரமெல்லாம் பின்னோக்கி இறங்கும். படுத்திருக்கும்போது உள்ளுறுப்பு சிவப்பாக வெளியே பிதுங்கும். கடைசி மாதத்தில் பின்பக்கம் ஒரு சாண் உயரும்படி மண் கொட்டிச் சமப்படுத்துங்கள். எங்கள் மயிலைக்கு இதைச் செய்த ஆண்டிலிருந்து பிதுங்கல் நின்றது.

கையோடு இருக்கவேண்டியவை

கொதிக்கவைத்து உலர்த்திய பருத்திக் கயிறு இரண்டு, சோப்பு, தேங்காய் எண்ணெய், டிங்சர் அயோடின், புதிய பிளேடு, நூல், வெப்பமானி, கையுறை, சுத்தமான சாக்கு நான்கைந்து, ரப்பர் காம்பு மாட்டிய பாட்டில், டார்ச் விளக்கு இரண்டு. இரண்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். இவற்றை ஒரு வாளியில் போட்டு மூடி, ஆணியில் மாட்டிவிடுங்கள். வீட்டில் யாரும் அதிலிருந்து பிளேடு எடுக்கக் கூடாது. போன ஈற்றின் சீம்பால் ஒரு லிட்டர் உறைபெட்டியில் இருந்தால் தாயில்லாக் கன்றுக்கும் பால் இறங்காத தாயின் கன்றுக்கும் அதுவே உயிர். வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து உருக்குங்கள். கொதிநீரில் வைத்தால் அதன் எதிர்ப்புச் சத்து கெட்டுவிடும்.

உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தின் எண்ணையும் அரசின் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐயும் கொட்டகைக் கதவில் சுண்ணாம்பால் எழுதுங்கள். செல்போன் சிக்னல் எந்தப் பாறைமேல் நின்றால் கிடைக்கும் என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்கவேண்டும்.

இரவை யார் பார்ப்பது

செவலைக்குத் தலையீற்று. நாள் இன்னும் ஆறு இருக்கிறதே என்று வத்தலக்குண்டில் நாத்தனார் மகள் திருமணத்துக்கு எல்லோரும் போனோம். பக்கத்து வீட்டு அண்ணன் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பத்து மணிக்கு வந்து பார்த்தார், மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது, போய்ப் படுத்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. எத்தனை மணிக்கு எழவேண்டும், எதைப் பார்க்கவேண்டும் என்று நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினால், கன்றின் தலையும் ஒரு காலும் வெளியே தொங்கின. மற்றொரு கால் உள்ளே மடங்கியிருந்தது. நாக்கு வீங்கி நீலம் பாய்ந்திருந்தது. செவலை பிழைத்ததே பெரிது. முதலில் 'போகலாம்' என்று சொன்னது யார் என்ற வழக்கில் நானும் என் கணவரும் நான்கு நாள் பேசிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் அத்தைதான் எங்கள் இருவரையும் திண்ணையில் உட்காரவைத்து, "அடுத்தது எப்போது ஈனுகிறது, அதைச் சொல்லுங்கள்" என்றார்.

அன்று பேசி வைத்த ஏற்பாடு இன்றுவரை நடக்கிறது. குறித்த நாளுக்குப் பத்து நாள் முன்னும் பத்து நாள் பின்னும் இரவில் இருவரும் சேர்ந்து வெளியூர் தங்குவதில்லை. யார் பக்கத்து உறவோ அவர் மட்டும் கல்யாணத்துக்குப் போவார். மொய் போய்ச் சேர்ந்தால் ஆள் குறைந்ததைச் சொந்தங்கள் ஆறு மாதத்தில் மறந்துவிடும். குழந்தை வேலப்பர் தேர் நாளுக்கும் இதே விதிதான். ஊரே வடம் பிடித்தாலும் ஒருவர் கொட்டகையில்.

இரவைப் பங்கு போட்டிருக்கிறோம். பத்துக்கும் பன்னிரண்டரைக்கும் அவர். மூன்று மணிக்கு நான். ஐந்துக்கு அத்தை, ஏனென்றால் அவருக்கு அதற்குமேல் எப்படியும் தூக்கம் வராது. கொட்டகை வாசலில் என் மகளின் பழைய சிலேட்டு ஒன்று தொங்கும். பார்த்துவிட்டு வருபவர் நேரம், மாடு நிற்கிறதா படுத்திருக்கிறதா, தீனி தின்றதா என்று மூன்று சொல் எழுதவேண்டும். எழுதும்போது கண் விழித்துக்கொள்கிறது; தூக்கத்தில் எட்டிப் பார்த்துவிட்டு 'பார்த்தேன்' என்று சொல்ல முடியாது. முறை இல்லாதவரைச் சும்மா எழுப்பக் கூடாது. பகலில் சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் படுப்பதை யாரும் சோம்பல் என்று சொல்லக் கூடாது. களை எடுக்காத பாத்தி இரண்டு நாள் காத்திருக்கும். சமையல் கஞ்சியும் துவையலுமாக எளிதாகிவிடும். விருந்தாளிகளை அந்த வாரம் வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஆண்டு மகளுக்கு முழு விலக்கு அளித்தோம். அவளோ வேதியியல் தேர்வுக்கு முதல் நாள் இரவு புத்தகத்தோடு கொட்டகையில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அங்கேதான் தூக்கம் வராதாம்.

இரவு விழிப்பைக் குறைக்க ஒரு வழி உண்டு. கனடாவின் மானிடோபா மாகாணத்தில் கோனஃபால் என்ற பண்ணையாளர் 1970-களில் கவனித்துச் சொன்னது: முக்கியத் தீனியைப் பொழுது சாய்ந்தபின் போட்டால் பெரும்பாலான மாடுகள் பகலில் ஈனும். என்னிடம் இருப்பதோ நான்கே மாடு. ஆனாலும் கடைசி ஒரு மாதம் உலர்தீவனத்தை இரவு எட்டு மணிக்கு மாற்றிப் பார்த்தேன். அதற்குப் பின் நடந்த ஈற்றுகளில் நள்ளிரவுக்கு வந்தவை குறைவுதான். காசு செலவில்லாத காரியம், செய்து பாருங்கள்.

நாள் நெருங்கும்போது

மடி கட்டிப் பளபளப்பாகும். காம்பு நுனியில் மெழுகுபோலப் பிசின் திரளும். வால் அடியில் இருபக்கமும் தசைநார் தளர்ந்து குழி விழும். நாள்தோறும் மாலையில் அங்கே கைவைத்துப் பார்த்துப் பழகினால் அந்த மாற்றம் விரலுக்கே தெரியும். பிறப்புறுப்பு வீங்கிக் கண்ணாடி போன்ற கோழை தொங்கும். வழக்கமான 38.5 டிகிரி உடல் வெப்பம் ஈனுவதற்கு முந்தைய நாள் அரை டிகிரியாவது இறங்கும். இறங்கியதைக் கண்டுவிட்டால் அன்று இரவு யாரும் போர்வைக்குள் முழுதாகப் போகவேண்டாம்.

பிறகு மாடு தனியே ஒதுங்கும், படுத்து எழும், வயிற்றைத் திரும்பிப் பார்க்கும், வாலைத் தூக்கும். இது இரண்டு முதல் ஆறு மணி நேரம் நீளலாம். தலையீற்றுக்கு இன்னும் அதிகம். கூட்டம் கூடாமல் ஓர் ஆள் தூரத்தில் உட்கார்ந்தால் போதும். சுற்றி நின்று பேசிக்கொண்டே இருந்தால் தலையீற்று மாடு வலியை அடக்கிக்கொள்ளும்.

தண்ணீர்க்குடம் உடைந்ததும் மணி பாருங்கள். பழகிய மாடு ஒரு மணி நேரத்துக்குள்ளும் தலையீற்று இரண்டு மணிக்குள்ளும் ஈன்றுவிடவேண்டும். அந்த எல்லை வரை காத்திருந்து மருத்துவரைக் கூப்பிடுவது சமவெளிக்குச் சரி. மேல்மலையில் அவர் வந்து சேரவே ஒரு மணி நேரம் ஆகும். அரை மணியில் முன்னேற்றம் இல்லையென்றால் கூப்பிட்டுவிடுங்கள். நடுவழியில் கன்று விழுந்துவிட்டால் அவருக்கு ஒரு தேநீர் கொடுத்து அனுப்பலாம்.

சரியான வரவு எது? இரண்டு முன்னங்கால், குளம்பின் அடிப்பக்கம் கீழ்நோக்கி, அவற்றின்மேல் மூக்கு. நீச்சலுக்குக் குதிப்பவரைப்போல. அடிப்பக்கம் மேல்நோக்கி இருந்தால் அநேகமாகப் பின்னங்கால். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கையுறை மாட்டித் தடவிப் பாருங்கள்: குளம்புக்கு மேலுள்ள மூட்டும் அதற்கடுத்த மூட்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால், எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். ஒற்றைக் கால், கால் இல்லாமல் தலை, வால் மட்டும் என்று எது தென்பட்டாலும் இழுக்காதீர்கள். தடவிக் கண்டதை அப்படியே தொலைபேசியில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வரவு சரியாக இருந்து வலி தளர்ந்தால் மட்டும் உதவலாம். கயிற்றைக் கணுவுக்கு மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று போட்டு, எண்ணெய் தடவி, மாடு முக்கும்போது மட்டும் இழுத்து, ஓயும்போது நிறுத்துங்கள். ஒரு கால் சற்று முன்னே, மற்றது பின்னே என்று மாறிமாறி வந்தால் தோள் வழி விடும். தலை வந்தபின் இழுப்பு மாட்டின் பின்னங்கால் பக்கமாகக் கீழே சாயவேண்டும். இரண்டு ஆள் பலத்துக்கு மேல் வேண்டாம். நான்கு பேர் சேர்ந்து இழுத்துத் தாயை நடக்கமுடியாமல் ஆக்கியதை இந்தப் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன்.

முதல் ஒரு மணி நேரம்

மூக்கு, வாய்ச் சளியைத் துடையுங்கள். மூச்சு வரவில்லையென்றால் வைக்கோல் துரும்பால் மூக்குத் துளையைக் குத்துங்கள். காதில் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் விட்டால் தலையை உதறி இழுத்துக்கொள்ளும். மார்பு தரையில் படும்படி உட்காரவைத்துச் சாக்கால் பரபரவென்று தேயுங்கள். பின்காலைப் பிடித்துத் தலைகீழாக வெகுநேரம் தொங்கவிடும் பழைய வழக்கம் வேண்டாம். குடல் பாரம் நெஞ்சை அழுத்தும்.

தாய் நக்கட்டும். தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு நூலால் கட்டி, அதற்குக் கீழே வெட்டி, டிங்சர் அயோடினில் முழுதாக முக்கி எடுங்கள். ஈரம் காயாத கன்றைப் பனி நாளில் அடுப்படிக்குத் தூக்கி வந்துவிடுங்கள். பூண்டுக்குப் புகை போட்ட அறை சூடாக இருக்கிறதே என்று அங்கே படுக்கவைக்க ஒருமுறை துணிந்தேன். அத்தை திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. புகை புதிய நுரையீரலுக்கு ஆகாது.

சீம்பால். இதில்தான் எங்கள் ஊரில் இன்றும் சண்டை. நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை ஊட்டவிடக் கூடாது என்பார்கள். கேட்காதீர்கள். கன்றின் குடல் நோய் எதிர்ப்புச் சத்தை உள்ளே வாங்கும் திறன் மணிக்கு மணி குறைந்து ஒரு நாளில் மூடிவிடும். கன்று முட்டி ஊட்டினால்தான் தாயின் கருப்பை சுருங்கிக் கொடியும் சீக்கிரம் விழும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு லிட்டருக்குக் குறையாமல் உள்ளே போகட்டும். முதல் நாள் மொத்தம் எடையில் பத்தில் ஒரு பங்கு. ஜெர்சிக் கலப்புக் கன்று 25 கிலோ என்றால் இரண்டரை லிட்டர், மூன்று நான்கு வேளையாக.

கொடியும் தாயும்

தாய்க்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு வாளி, வெல்லம் கரைத்த கோதுமைத் தவிட்டுக் கஞ்சி. நஞ்சுக்கொடி எட்டு மணி நேரத்துக்குள் பொதுவாக விழுந்துவிடும். பன்னிரண்டு மணி ஆகியும் தொங்கினால் மருத்துவர். கல் கட்டித் தொங்கவிடுவதும் கையால் இழுப்பதும் கருப்பையைக் கிழிக்கும். விழுந்ததை மாடு தின்னவிடாதீர்கள். என் பிறந்த ஊரில் வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டுவார்கள், பால் பெருகும் என்று. எங்கள் மலையூரில் ஆலமரத்துக்கு எங்கே போவது? மூன்றடிக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கிறோம். வாடைக்கு நாய் வரும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும்.

கொடியையும் பனிக்குட நீரையும் வெறுங்கையால் தொடாதீர்கள். மாடு குறைமாதத்தில் கன்றை வீசும் கன்று வீச்சு நோயின் (புருசெல்லோசிஸ்) கிருமி அதில் இருந்தால் மனிதருக்கும் விடாத காய்ச்சலைக் கொடுக்கும். கருவுற்ற பெண்கள் ஈற்றுக் கொட்டகைக்குள் வரவே வேண்டாம். வீட்டில் முகம் வாடினாலும் சொல்லிவிடுங்கள். கிடேரிக் கன்றுக்கு நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் இந்த நோய்க்கான தடுப்பூசியை ஒருமுறை போட்டுவிடவேண்டும். மிஞ்சும் சீம்பாலை ஏலக்காயும் வெல்லமும் சேர்த்து நன்றாக வேகவைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுங்கள். இரவில் டார்ச் பிடித்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கு முதல் கிண்ணம்.

அடுத்த மூன்று நாள் மடியை ஒட்டக் கறக்காதீர்கள், கன்றுக்கு வேண்டியதற்கு மேல் கொஞ்சம் போதும். மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட ஜெர்சி மாடு காது குளிர்ந்து, தள்ளாடி, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிட்டால் அது பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடம்பு சில்லிட்டிருக்கும். மருத்துவர் நரம்பில் மெதுவாகச் சுண்ணாம்புச் சத்து ஏற்றினால் கண்ணெதிரே எழுந்து நிற்கும். அதுவரை மாட்டை மார்பின்மேல் நிமிர்ந்து உட்காரும்படி சாக்கு முட்டு கொடுத்து வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

பிறகு

பத்துப் பதினைந்து நாளில் கன்றுக்கு முதல் குடற்புழு மருந்து. கழிச்சல் கண்டால் பாலை நிறுத்தாமல், வேளைகளுக்கு நடுவே உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர் கொடுத்து, சாணத்தில் இரத்தம் தெரிந்தால் உடனே காட்டுங்கள். இரவில் கன்றைக் கதவுள்ள அறையில் கட்டுங்கள்.

எங்கள் வீட்டில் கொடி விழுந்த மறுநாள் சிலேட்டை அழித்துவிட்டு எல்லோரும் ஒன்பது மணி வரை தூங்குகிறோம். பால்காரருக்கு அன்று அத்தை மட்டும் பதில் சொல்வார். அறுபது நாள் கழித்துப் பருவ அறிகுறி பார்க்கத் தொடங்குங்கள். மூன்று மாதமாகியும் வரவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். வந்து ஊசி போட்டுவிட்டால் அன்றே நாட்காட்டியில் சிவப்பு மை.